கேட்காத மாதிரி

சயான் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
பூஜ்யத்திலிருந்து பத்துவரை
ஒரு கோடு போட்டு நீட்டினார் டாக்டர் சாவந்த்.
வலி எங்கே நிற்கிறது, காட்டுங்கள்.
நீ பென்சிலைப் பிடித்தபடி
என்னைப் பார்த்தாய்.

இடுப்பில் இருப்பது குடைச்சலா, கடுப்பா,
என் டெப்போ இந்தியில் இரண்டுக்கும் ஒரே சொல்.
ராத்திரி விண்விண்ணென்று தெறிப்பதை
மேஜைமேல் விரலால் தட்டிக் காட்டினேன்.
அதையும் எழுதிக்கொண்டார்.

குர்லாவில் நீ ரயிலிலிருந்து விழுந்து ஆறு வருஷம்.
எலும்பு கூடிவிட்டது. படத்தில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை என்ற ஒவ்வொரு டாக்டரின் வாசலிலும்
செருப்பை மெதுவாக மாட்டிக்கொள்வாய்,
பொய் சொல்லிப் பிடிபட்ட பிள்ளைபோல.

இவர் அப்படிச் சொல்லவில்லை.
வலி நிஜம், என்றார். பிறகு என் பக்கம் திரும்பி,
எஸ்ஸாக்கி முனகினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

பெருமையாகத்தான் சொன்னேன்:
டீ போடுவேன். தைலம் தேய்ப்பேன்.
கையிலிருக்கும் பாத்திரத்தை வாங்கிவிடுவேன்.
நைட் டூட்டியே எடுப்பதில்லை.

எழுந்து நடந்தால்?

யோசித்தேன்.
நீ நடக்கும்போதெல்லாம் நான்
பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுப்பாடம் எனக்கும்தான்.
முனகலுக்கு எழக்கூடாது. நடைக்கு எழ வேண்டும்.
உனக்கு, பொதுக்குழாய் வரை ஏழு நிமிஷம்.
வலித்தாலும் ஏழு, வலிக்காவிட்டாலும் ஏழு.
நல்ல நாளில் எட்டாக்காதே என்பதற்கு
இரண்டு அடிக்கோடு.

முதல் ராத்திரி
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.
"ஏங்க" என்றாய்.
இருபத்தெட்டு வருஷ பஸ்ஸில்
கை காட்டியும் நிறுத்தாமல் போனது எத்தனையோ பேரை.
ஒருவர்கூட இப்படி
வீடுவரை பின்னால் வந்ததில்லை.

ஒன்பதாவது வாரம்.
கோட்டில் நீ வைக்கும் புள்ளி
அதே ஆறில்தான் நிற்கிறது.
ஆனால் நேற்று கோலிவாடா சந்தையில்
பொம்பில் மீனுக்குப் பேரம் பேசி
நின்றாய், இசக்கி, பதினாறு நிமிஷம்.
பத்தடி தள்ளி நான்
வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பையை என்னிடம் நீட்டாமல் வந்து
"டீ குடிப்போமா" என்றாய்.
வலிக்குதா என்று வாய்வரை வந்தது.
"எவ்வளவுக்குக் குடுத்தா?"
என்று கேட்டேன்.