கேட் போட்ட நேரம்

கூட்டத்துக்கு நான்தான் லேட்.
கொருக்குப்பேட்டையில் கேட் போட்டுவிட்டான்.

கேரம் கிளப்பில் ஒன்பது பேர்.
ஏடிஎம் காவல் முடிந்து
அதே நீலச் சட்டையோடு நான்கு பேர்.
நோட்டீஸில் ‘போர் வேண்டாம்’ போதும் என்றார்
சிக்னல்ஸ் தேவசகாயம்.
‘யாருக்கு வேண்டாம்? அதையும் போடு’ என்றான்
திராஸில் ஒரு காலை விட்டு வந்த எத்திராஜ்.
பவுடர் படிந்த போர்டில்
விரலால் எழுதி எழுதி அழித்தோம்.

அனுமதி கேட்டுப் போனபோது
இன்ஸ்பெக்டர் எழுந்து சல்யூட் அடித்தார்.
மனுவைப் படித்ததும்
உட்கார்ந்துகொண்டார்.
‘நீங்களே இப்படிப் பண்ணலாமா சார்?’

கேட்டில் என்ன போச்சு என்று
நான் யாரிடமும் சொல்லவில்லை.
தார்ப்பாய் போர்த்திய டாங்கிகள்.
வண்டியை அணைத்துவிட்டு எண்ணினேன்,
பழக்கதோஷம்.
இருபத்திமூன்று.
கடைசி வேகனில் துப்பாக்கியோடு ஒரு பையன்
இட்லிப் பொட்டலத்தின் நூலைப்
பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.