கேட் சாத்தியிருக்கும்போது

கொருக்குப்பேட்டை கேட் சாத்தினால்
இருபது நிமிஷம் எனக்கு.
சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு
கேரியரில் நோட்டை விரிப்பேன்.
முன்னால் ஒரு தண்ணி லாரி சொட்டும்,
பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ உறுமும்.
யார் அவசரப்பட்டு என்ன,
பயிற்சிக் கணக்கு பதினேழு இருக்கிறது.

'கல் ஒன்று செங்குத்தாக மேல்நோக்கி எறியப்படுகிறது.'
யார் எறிந்தது என்று இல்லை.
எங்கள் எழில் நகரில் கல் எறியப்படாது,
எறிவார்கள்,
ராத்திரிக்குள் பேர் தெரிந்துவிடும்,
அப்புறம் அவன் அம்மாவும் என் அம்மாவும்
குடம் வைக்கிற வரிசையில் முகம் பார்க்கமாட்டார்கள்.
இந்தக் கல் பாவம், கேட்பாரில்லை.
இருபது மீட்டர் ஏறி
உச்சியில் ஒரு கணம் வேகம் செத்து
கிளம்பிய வேகத்தோடே வந்து விழுகிறது.
நான்கு வினாடி. எழுதியாயிற்று.

இரண்டாவதில் உராய்வைப் புறக்கணிக்க வேண்டும்,
நான்காவதில் காற்றை,
ஐந்தாவதில் கயிற்றின் நிறையை.
இவ்வளவு மரியாதையாக
ஒருத்தரை ஒருத்தர் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

ஆறு, சாய்தளம்.
பக்கத்து மினி வேனில் சிலிண்டர் ஏற்றுகிற தேவகுமார் அண்ணன்.
"பலகைய முப்பது டிகிரி சாச்சா
பாதி பாரம்தாண்ணே தள்ளணும்."
"அப்போ மீதிய யாரும்மா தள்றது?"
பலகை தாங்கும் என்று சொல்ல வந்தேன்.
அவர் தோளைப் பார்த்துவிட்டு
அடுத்த பக்கம் திருப்பினேன்.

ஹாரன்.
இது ஊர்கிற ஊர்தலுக்கு
சுருதி மாறுவது காதுக்கு எட்டாது.
டாப்ளர் கணக்கில் வரும் ரயில்கள்
வினாடிக்கு முப்பது மீட்டர் போகின்றன,
எங்கள் கேட்டுக்கு வராமலே.

எண்ணெய் டேங்கர்களை எண்ணுகிறேன்.
ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவிலுள்ள சந்தில்
அந்தப் பக்கத்துக் கூட்டம் துண்டு துண்டாக:
ஒரு ஹெல்மெட்,
ஒரு மூட்டைப் பொரி,
ஜெசிந்தாவின் பச்சைப் பை.

காலாண்டு முடிந்ததும் காமர்ஸ் குரூப் மாறிப் போனாள்.
என் லாக் புத்தகமும் அவளோடு போனது.
கேட்டேன்.
கொடுத்துவிட்டேன் என்றாள்.
கொடுக்கவில்லை.
ஐந்து மாதம்.

நாற்பத்தெட்டு டேங்கர்,
பன்னிரண்டு மீட்டர் என்று வைத்துக்கொண்டால்,
மூன்று நிமிஷம் பன்னிரண்டு வினாடி,
வகுத்தால் மூன்று.
வெறும் மூன்று, மீதி கிடையாது.
அப்படி ஒரு விடை வந்தால் கொஞ்சம் திமிர் வரும்.
வந்தது.

கேட் தூக்கினான்.
இரண்டு பக்கமும் ஒரே நொடியில் பாய்ந்தது.
பதினைந்தாம் கணக்கு இதுதான்:
எதிரெதிராக வரும் இரண்டு துடிப்புகள்
ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கூடி,
பிரிந்து, தத்தம் வடிவத்தோடு போய்விடும்
சந்திக்காதது போல.
எழுதியவர் இந்தத் தண்டவாளத்தில் சைக்கிள் தள்ளியதில்லை.
நட்டநடுவில் அவள் ஹேண்டில்பார்
என்னுடையதில் மாட்டிக்கொண்டது.
பின்னாலிருந்த ஒருவன்
இரண்டு பேர் வீட்டையும் சேர்த்துத் திட்டினான்.
நான் இந்தப் பக்கம் இழுத்தேன்,
அவள் அந்தப் பக்கம்.
சம விசை, எதிர்த் திசை,
தொகுபயன் சுழி.

அவள்தான் முதலில் ஒரு சாண் பின்னுக்குத் தள்ளினாள்.
கழன்றது.
"எத்தினி?"
என் பெல்லைப் பார்த்துக் கேட்டாள்.
"நாப்பத்தெட்டு."
"கார்டு பொட்டிய வுட்ட பாரு. நாப்பத்தொம்போது."
போய்விட்டாள்.

ராத்திரி மறுபடி வகுத்தேன்.
மூன்று புள்ளி பூஜ்யம் ஆறு இரண்டு ஐந்து.
கார்டு பெட்டி டேங்கரைவிடக் குட்டை,
அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.
இருந்தாலும் மூன்றை அடித்துவிட்டு
அதையே எழுதினேன்.

அலகு எழுதும் இடத்தில் பேனா நின்றது.
ஒன்பதாம் வகுப்பிலிருந்தே
வகுப்பது நான்,
அலகு போடுவது அவள்.
வெறும் எண்ணாகவே விட்டு வைத்திருக்கிறேன்.
ஐந்தே முக்கால் கூட்ஸ்
தினமும் வரும்.