பின்னால் உட்காருகிறவர்கள்

கல்மண்டபத்தில் ஏறி
எர்ணாவூரில் இறங்கும்வரை
அவர்கள் என் முகத்தைப் பார்ப்பதேயில்லை.
ஷேர் ஆட்டோக்காரனுக்கு
முகம் எதற்கு?
ஒரு சவாரிக்கு ஏழெட்டுப் பேர்
பார்த்துக்கொண்டு வருவது என் பிடரியை.

கண்ணாடியில் ஏறிக்கொண்டே போன நெற்றிக்காக
சீட்டைத் தள்ளி எடுத்தபோது
இது எனக்குத் தோன்றவில்லை.

அண்ணா நகரில்
ஐஸ் பெட்டி மாதிரி ஓர் அறை.
குப்புறப் படுக்கவைத்துப் பிடுங்கினார்கள்,
மல்லாத்தி நட்டார்கள்.
இரண்டாயிரத்து எழுநூறு வேர்.
என் தலையிலிருந்து என் தலைக்கே
நான் பட்ட கடன்.

முன்னால் முளைத்தது, பொய் சொல்லக் கூடாது.
ஆறாம் மாதம் சீப்பு வாங்கினேன்.
நெற்றியில் விழுந்த முடியை
சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஒதுக்கினேன்,
தேவையில்லாமல்.

முடி வெட்டி முடித்ததும்
கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து
இப்படியும் அப்படியும் காட்டுகிற அருளப்பன்
அன்றைக்குக் காட்டாமலே
துணியை உதறினான்.
அப்போதுதான் தெரிந்தது.

டாக்டர் போனில் சொன்னார்:
டோனர் ஏரியா,
அதிர்ச்சியில் கொட்டும்,
மூன்று மாதம் பொறுங்கள்.
பொறுத்தேன்.
இன்னொரு மூன்று மாதம் என்றார்.
அப்புறம் போனை எடுக்கிற பெண்ணே மாறிவிட்டாள்.

கைபேசியைத் தலைக்குப் பின்னால் பிடித்து
படம் எடுப்பேன்.
பாதி நாள் காது விழும்,
பாதி நாள் காலண்டர் விழும்.
விழுந்த ஒன்றில்
அந்துப்பூச்சி தின்ற கம்பளி.

கறுப்புப் பவுடர் தூவினேன்.
பத்து மணி வெயிலுக்கு
காக்கிக் காலரில் மை வழிந்தது.
மே மாதத்தில் குரங்குக் குல்லாய் போட்டேன்.
காய்ச்சலா என்று கேட்டு
ஒருவர் இறங்கியே போனார்.

மீன் கூடையைக் காலிடுக்கில் வைத்தபடி
செல்வராணிதான் முதலில் வாயைத் திறந்தது:
"இன்னாப்பா, பூச்சிவெட்டா?
சின்ன வெங்காயத்த நறுக்கித் தேயி."
இது அது இல்லை என்று சொல்ல
எண்ணூர் வரைக்கும் ரோடு போதாது.
தேய்த்தேன்.
ஒரு வாரம் என் வண்டியில்
குழம்பு கூட்டுகிற வாசனை.

கடலோரம் திரும்பும்போது
வலப்பக்கம் கருங்கல் கொட்டிக் கிடக்கும்.
அந்தக் கல்லுக்கும் அப்பால்
தெருக்கள் இருந்தன என்பார்கள்.
துறைமுகம் வந்து, மணல் அங்கேயே நின்றுபோய்,
தெற்கே மெரினா அகலமானது.
இங்கே கடல் வீட்டுக்குள் வந்தது.
ஓரிடத்தில் சேர்ந்தால்
ஓரிடத்தில் குறையும்.
கிளினிக்கில் யாரும் சொல்லவில்லைதான்.
இந்தக் கரையில் பிறந்தவனுக்குச்
சொல்ல வேண்டியிருந்ததா என்ன?

நிலோஃபர் ஏழாம் வகுப்பு.
காசிமேட்டில் ஏறுவாள்,
எனக்கு நேர் பின்னால்தான் உட்காருவாள்.
ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வருவாள்,
வாய்ப்பாடு என்று நினைத்திருந்தேன்.
ஒருநாள் காசு கொடுக்கும்போது சொன்னாள்:
"அண்ணா, உங்க தலையில
நூத்திப் பதினேழு வெள்ளைப் புள்ளி.
அதுக்குள்ள ஸ்கூல் வந்துருச்சு."

கோபம் வந்திருக்க வேண்டும்.
மீதிச் சில்லறையை
இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தேன்.

நேற்று, "இன்னிக்கு நூத்தி ரெண்டுதான்" என்றாள்.
எனக்குக் கை நடுங்கியது.
நிஜமாவா?
"தெரில. ரோடு குண்டும் குழியுமா இருக்கு,
உங்க தலை ஆடிட்டே இருந்துச்சு.
நாளைக்கு மெதுவா ஓட்டுங்க."

குல்லாய் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது.
பள்ளம் பார்த்து, பள்ளம் பார்த்து
இரண்டாவது கியரில் போகிறேன்.
பின்னால் கன்டெய்னர் லாரி ஹாரன்.
"இன்னாடா, மாட்டு வண்டியா ஓட்டுற?
ஐஸு கரையுது" என்கிறது செல்வராணி.
அதற்கும் பின்னால் மெல்லிய குரலில்
அறுபத்தெட்டு,
அறுபத்தொன்பது.