நடுச்சுவர்

எங்கள் வீட்டுக்கும் குவெக் வீட்டுக்கும்
ஒரே சுவர்.
அவர்கள் ஆணி அடித்தால் எங்கள் நாள்காட்டி ஆடும்.
எங்கள் மிக்ஸி ஓடினால் அவர்கள் நாய் குரைக்கும்.
புக்கிட் பாஞ்சாங், பதினோராம் மாடி.
நூற்றுப் பத்து சதுர மீட்டர் இங்கே,
நூற்றுப் பத்து சதுர மீட்டர் அங்கே.
வரைபடத்தை நடுவில் மடித்தால்
கழிவறையின் மேல் கழிவறை வந்து உட்காரும்.

பிப்ரவரியில் இரண்டு வீடும் விலைக்கு வந்தன.
அவர்கள், மகளோடு போய் இருக்க.
நாங்கள், கப்பல் பட்டறையில் இவருக்கு வேலை போனதால்.

அவர்கள் வீடு பதினாறு நாளில் முடிந்தது,
அறுநூற்று நாற்பதாயிரம் வெள்ளிக்கு.
அந்த ஞாயிறு பார்க்க வந்தவர்களின் செருப்புகள்
எங்கள் மிதியடிவரை வழிந்து கிடந்தன.
ஒரு ஜோடி கதவு மாறி
எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.
இங்கேதான் வெளிச்சம் அதிகம் என்றாள் அந்தப் பெண்.
சமையலறையை மூன்று முறை பார்த்தாள்,
இழுப்பறையைத் திறந்து மூடினாள், விலை கேட்டாள்.
முகவர் டெஸ்மண்ட் கைபேசியைத் தட்டிப் பார்த்தார்.
"இந்த புளோக்கில் சீனர் விகிதம் நிரம்பிவிட்டது, மேடம்.
பக்கத்து வீட்டார் உங்களுக்கு விற்கலாம்.
இவர்கள் விற்க முடியாது."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்,
எதற்கென்று தெரியாமலே.
பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு
ஐந்தடி தள்ளிப் போய்
அடுத்த கதவில் நின்றாள்.

எல்லாரும் கலந்து வாழத்தான் இந்தக் கணக்கு.
தெரியும்.
என் மகள் பள்ளியில் இதை எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறாள்.
கலந்துதான் வாழ்ந்தோம், பதினான்கு வருஷம்.
கலப்பதற்கு ஆகும் செலவை
யார் வீட்டில் வசூலிப்பது என்பது மட்டும்
அந்த விடைத்தாளில் இல்லை.

ஜூலையில் விலையை இறக்கினோம்.
ஆகஸ்டில், தாழ்வாரமெங்கும் கொடிகள் தொங்கியபோது,
மறுபடி இறக்கினோம்.

செப்டம்பரில் மாதவராஜ் வந்தார், மனைவி ஷாமினியோடு.
தமிழ் கேட்டதும் காபி போட்டேன்.
ஒரு வாய் குடித்துவிட்டு அவர் சொன்னார்:
"உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும் அக்கா.
ஐநூற்று எழுபத்தெட்டு."

அறுபத்திரண்டாயிரம் குறைவு.
இவர் வெயிலில் கப்பலின் வயிற்றைச் சுரண்டிய
இருபது மாதம்.
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
வந்தது வேறொரு முகம்.

வேலப்பன்.
எங்களுக்கு இந்த வீட்டை விற்றவர்.
அவரிடம் இவர் சொன்னதும் கிட்டத்தட்ட
இதே வாக்கியம்தான்.
இருபத்தைந்தாயிரம் மிச்சம் என்று
பேருந்தில் விரல்விட்டு எண்ணினேன்.
அந்தக் காசில் செய்ததுதான்
இப்போது ஷாமினி திறந்து பார்க்கிற இழுப்பறை.
அன்றைக்கு அதை நான்
அதிர்ஷ்டம் என்று சொன்னேன்.
சாவி தரும்போது அவர் எதுவும் சொல்லவில்லை,
குளியலறைக் குழாயை
இடப்பக்கம் திருகினால் ஒழுகாது என்பதைத் தவிர.

போன வாரம் ஈரச்சந்தையில்
திருமதி குவெக்கைப் பார்த்தேன்.
எவ்வளவுக்குப் போயிற்று என்றார்.
முப்பதாயிரம் கூட்டிச் சொன்னேன்.
நல்ல விலை என்றார்.
எந்த வீடு எவ்வளவுக்குப் போனதென்று
இணையத்தில் வந்துவிடும்.
அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.
என் பையில் இரண்டு கட்டு கீரையை வைத்துவிட்டு,
காசு வேண்டாம் என்று கையசைத்துப் போனார்.
மறுக்கத் தோன்றவில்லை.
சமைக்கவும் தோன்றவில்லை.

இன்று சாவி கைமாறும் நாள்.
வெற்று அறையில் எங்கள் குரல் பெரிதாக இருக்கிறது.
ஷாமினி சுவரில் விரல் மடக்கித் தட்டுகிறாள்.
"அந்தப் பக்கம் யாரு அக்கா?"

"புதுசா வந்தவங்க. நல்ல பொண்ணு.
ஒரு தடவை கதவு மாறி
இங்கதான் வந்தா."