இராகலைக்கு ஏறும் லொறி

கினிகத்தேனையில் ஒரு காது அடைத்தது.
ஹட்டனில் மற்றது.
பின்னால் மரவள்ளிப் பொரியல் பக்கெட்டுகள்
பெட்டிக்குள் ஒன்றையொன்று நெருக்கி
முனகத் தொடங்கின.

கொழும்பில் அடைத்த காற்று.
அங்கே வெளிக்காற்று அதை
அமுக்கிப் பிடித்திருந்தது.
ஏற ஏறப் பிடி தளர்கிறது.

நானுஓயா வளைவில் ஒன்று வெடித்தது.
டயர் என்று பிரேக் அடித்தார் அன்வர் நானா.

கடையில் ஞானசவுந்தரி
புடைத்த பக்கெட்டொன்றைத் தராசில் வைத்தாள்.
"நாற்பது கிராம். கூடவுமில்லை."
போன மாசம் கூட்டிய சம்பளமும்
இந்த ரோட்டில்தான் ஏறி வந்தது என்றாள்.
சிரிக்கவில்லை.

குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலை
அங்கேயே இறுக்கி மூடினேன்.
இறங்கும்போது, அவிசாவளைக்குக் கிட்ட,
யாரும் தொடாமலே
டொக்கென்று ஒடுங்கியது.

ஒரு காது இன்னும் திறக்கவில்லை.