பத்தாம் கல்

முத்திரையில் ஓர் எண் தவறாம்.
பெட்டியைத் திறக்கக் கூடாது, நகர்த்தக் கூடாது.
"நேசமலர், தங்கையா", கடப்பிதழ்களைப் பார்த்துப் படித்த அதிகாரி
நாளைக் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்.
உட்லண்ட்ஸ் சாவடியின் வெளிச்சத்தில்
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
லாரி இல்லாமல் நின்றோம்.
என் கையில் வெந்நீர்க் குடுவை.
இவர் கையில் டார்ச். எதற்கென்று கேட்கவில்லை.

நாற்பதடிப் பெட்டியை இழுத்துக்கொண்டு
பழைய ஊர் எதற்குள்ளும் நுழைய முடியாது.
அஞ்சடித் தூணில் கண்ணாடி உரசும்,
முக்குத் திரும்பினால் கோப்பிக் கடை மேசை போய்விடும்.
அதனால் ஊருக்கு வெளியே, எண்ணெய் நிலையத்தின் ஓரம்.
ஒருவர் சரக்கோடு.
ஒருவர் ஊரோடு.
நாற்பது நிமிடம்.
அப்புறம் ஸ்டீரிங்கில் ஆள் மாறும்,
பார்த்தவர் சொல்ல, பார்க்காதவர் ஓட்ட,
அடுத்த சுங்கச் சாவடி வரை ஊர் நீளும்.

தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரம் இவருக்குக் கிடைத்தது.
எந்தப் பக்கம் சாய்கிறது என்று முழங்கையைச் சாய்த்துக் காட்டினார்.
நான் பார்த்தது அந்த முழங்கையைத்தான்.
தங்காக் எனக்கு.
விடிவதற்கு முன்னால் தெரு முழுக்க மூடிய துணிக்கடைகள்,
கம்பிக் கதவுக்குப் பின்னால் ஒரு பொம்மை,
பாதிச் சேலையோடு, கொண்டை ஊசிகள் தோளில் குத்தியபடி.
தைப்பிங்கில் மழை. இருவருமே இறங்கவில்லை.
ஆகவே அந்த ஊரை யாரும் பார்க்கவில்லை.

பாப்பானில் ஒரு மஞ்சள் கதவு என்றார் ஒருமுறை,
நெற்றியில் வௌவால் செதுக்கியிருந்ததாம்.
அடுத்த நடையில் என் முறை.
தெருவை இரண்டு தடவை நடந்தேன்,
சுவரைப் பிளந்த ஆலமரம் இருந்தது, நாய் இருந்தது.
கதவு இல்லை.
"இருக்கா?" என்றார், இன்ஜினை முறுக்கியபடி.
"இருக்கு. கீல்தான் துருப்பிடிச்சுப் போச்சு."
என்னைத் திரும்பிப் பார்த்தார்,
கியரை மாற்றினார்,
ஈப்போ வரை வாய் திறக்கவில்லை.

நூற்று எழுபதாம் எண் பேருந்தில் ஏறினோம்.
ஜாலான் புசார் வீட்டுக்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருக்கிறது,
புக்கிட் பாஞ்சாங்கில் இவர் மணியை அழுத்திவிட்டார்.
"பத்தாம் கல் இதுதானே.
எத்தனை வருஷமா இதைத் தாண்டியே போறோம்."

இறங்கினோம்.
இருவரும், ஒரே நேரத்தில், ஒரே ஊரில்.
தலைக்கு மேலே குட்டி ரயில் ஓடியது.
பார்த்தோம்.
வீவக மாடியில் காயும் போர்வைகளைப் பார்த்தோம்.
மஞ்சள் விளக்கில் கண்ணை மூடிய பூனை.
அதையும் பார்த்தோம்.
சொல்ல ஒன்றுமில்லை.
சொல்ல வேண்டிய ஆள் பக்கத்திலேயே நின்று
அதே பூனையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.
கல்யாண வீட்டில் முன்பின் அறியாதவரோடு
பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

கடைசியில் இவர் பேருந்து நிறுத்தத்தில் அமர்ந்தார்,
குடுவையை மடியில் வைத்துக்கொண்டார், சரக்கைப் போல.
"நீ போய்ப் பாத்துட்டு வா. நான் இருக்கேன்."
டார்ச்சை நீட்டினார்.

போனேன்.
தண்டவாளம் எடுத்த பாதையில் புல் முட்டி வரை.
தூரத்தில் யாரோ ஓடினார்கள், காலணியில் ஒளிப்பட்டை மட்டும்
மேலும் கீழும்.
சாலையோரம் வேலி, வேலியோரம் ஒரு மேடு,
மேட்டில் டார்ச் அடித்தேன். சிமெண்டுத் துண்டு,
எதன் துண்டென்று தெரியவில்லை.
காலால் தட்டிப் பார்த்தேன்.
கொசு கடித்தது. மணி பார்த்தேன்: முப்பத்தெட்டு நிமிடம்.

அதே இடத்தில் இருந்தார், குடுவை மூடியை
திறந்து மூடித் திறந்து.
"கல்லு இருக்கா?"
"இருக்கு. எண்தான் தேஞ்சு போச்சு.
ஒண்ணு தெரியுது, பூஜ்யம் தெரியல."

தலையசைத்தார்.
ஒரு பேருந்து வந்து நின்று, கதவைத் திறந்து, போனது.
"நாளைக்கு என் முறை" என்றார்.

பத்து மணிக்கு முத்திரை,
மறந்துடாதீங்க, என்றேன்.