இருபத்தேழு கட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை. கோர்ட் இல்லை.
கல்மண்டபத்தில் இறங்கி
ஐஸ் உருகி ஓடும் தெருவில்
செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்து
நான்கு பேர் போனோம்
அமலதாஸ் வீட்டுக்கு.
மாடிப்படி ஒரு ஆள் அகலம்.
கபூர் பாய் முன்னால்,
முழங்காலைத் திட்டிக்கொண்டே.

சங்கத்துக்கு நான் பொருளாளர்.
தேர்தலில் நின்றபோது
நூலகத்துக்கு ஏசி, பெண்களுக்குத் தனிக் கழிவறை என்று
நோட்டீஸ் அடித்தேன்.
இறந்தவர் வீட்டில் பதிவுச் சான்றிதழ் தேடும் வேலையும்
இந்தப் பதவியோடு வரும் என்று
எந்த நோட்டீஸிலும் இல்லை.

ரெஜினா பீரோவைத் திறந்துவிட்டார்.
நலநிதிக்கு என்னென்ன வேண்டும் என்று
நான் எழுதிவந்த சீட்டை
இரண்டு தடவை படித்தார்.
"ஒரிஜினலா கேக்குறாங்க?
அவரு கிட்ட ஒரிஜினலா இருந்தது
கோவம் மட்டும்தாம்மா.
மத்ததெல்லாம் ஜெராக்ஸ்."
சிரித்தோம். பிறகு
யார் முதலில் நிறுத்துவது என்று தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் கட்டுகள்.
நாடா அறுந்ததையெல்லாம்
கைலிக் கிழிசலால் கட்டி வைத்திருந்தார்.
காசிமேட்டுப் படகு எஞ்சினுக்குக் கொடுத்த செக்.
பதினோரு மாத ஜீவனாம்ச பாக்கி.
எண்ணூர் சாலையில் கன்டெய்னர் ஏறிய ஒரு வலது கால்,
ஆறு வருடமாக அதற்கு விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
அப்புறம் பொதுக்குழாய்த் தகராறு ஒன்று,
இரண்டு தரப்பிலும் பாதிப்பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.
எண்ணினோம். இருபத்தேழு.

செவ்வாய்க்கிழமை மட்டும் ஆறு வாய்தா.
கீழே தெருவில் மீனைக் கூறு வைக்கிறார்கள்,
மேலே நாங்கள் தரையில்
கட்டுகளைக் கூறு வைத்தோம்.
பீஸ் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.
வாடகை வழக்கென்றாலே ஆகாத நரசய்யா
மூன்று வாடகை வழக்கை மடியில் ஏற்றிக்கொண்டார்.
போன வருடம் பதிவு செய்த ஏகவல்லி
அந்த வலது காலை எடுத்துக்கொண்டாள்.

பத்தொன்பதாவது கட்டு.
எதிர்த்தரப்பு வக்கீல் நான்.
நான்கு வருடமாக ஜார்ஜ் டவுன் கோர்ட்டில்
ஒருவர் வாயை ஒருவர் அடைக்கப் பார்த்த வழக்கு.
தொட்ட கையை எடுத்துக்கொண்டேன்.
பிரிக்கக் கூடாது.
ஆனால் மேலட்டையைக் கண் படித்துவிட்டது,
அவருடைய சாய்ந்த எழுத்தில், தேதி தேதியாக:
சாட்சி வரவில்லை.
ஜட்ஜ் லீவு.
மேடத்தின் அப்பாவுக்கு ஆபரேஷன், வாய்தாவுக்கு ஆட்சேபணை இல்லை.

அன்றைக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை.
எனக்கு உடம்பு சரியில்லை என்றுதான் மனு போட்டேன்.
நீதிபதி இரங்கினார் என்று
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

கட்டைக் காலால்கூடத் தொடாமல்
ஸ்கேலால் கபூர் பாயிடம் தள்ளினேன்.
"செவ்வாய்க்கிழமை விட மாட்டேன், பாய்."
"யார் விடச் சொன்னா?"

படியில் பாதி ஏறி, கூடையை இடுப்பில் வைத்தபடி
ஒரு பெண் கேட்டாள்:
"வக்கீல் சார் தவறிட்டாராமே.
செவ்வாக்கெழம நாங்க வர்ணுமா, வாணாமா?"
நாங்கள் மூன்று பேரும் ரெஜினாவைப் பார்த்தோம்.
"வாங்கக்கா," என்றாள் ஏகவல்லி.
"பத்து மணிக்கு. வாசல்லயே நிப்பேன்."

வக்காலத்து ஒவ்வொன்றிலும் ஒரு நலநிதி முத்திரை.
ஒட்டும்போது யார் சாவை நினைக்கிறார்கள்,
தண்ணீர் தொட்டு ஒரு தட்டு, அடுத்த தாள்.
ரெஜினாவுக்கு என்றைக்காவது வரப்போகும் தொகையில்
அவர் ஒட்டியதும் இருக்கும்,
அவரை எதிர்த்து நான் ஒட்டியதும்.

ஆட்டோவில் கால் வைக்க இடமில்லை.
மடியில் ஒன்பது கட்டு, கருவாட்டு வாடையோடு.
பதிவுச் சான்றிதழ் மட்டும்
கடைசிவரை கிடைக்கவில்லை.
நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.
அதற்கும் ஏதாவது ஒட்டச் சொல்வார்கள்.